எம்.எஸ்சி. சேரும் முன் சென்னைக் கல்லூரிகளை நேரில் போய்ப் பார்க்கத்தான் வேண்டுமா?

பிப்ரவரி 8, மாலை. அரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

என் மகள் தர்மபுரியில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். எம்.எஸ்சி.யைச் சென்னையில் படிக்க ஆசைப்படுகிறாள். நான்கைந்து இடங்களை எழுதி வைத்துக்கொண்டு, நேரில் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பம் போடுவேன் என்கிறாள். இரண்டு பேர் போய்வர, தங்க, சாப்பிட என்று கணக்குப் போட்டால் நல்ல தொகை வருகிறது. எல்லாம் இணையதளத்தில் படத்தோடு இருக்கிறது, ரேங்க் பட்டியலும் இருக்கிறது. இது வீண் செலவு என்றுதான் எனக்குப் படுகிறது. பெரியவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

பிப்ரவரி 8, இரவு

வீண் செலவு இல்லை அண்ணா. பாப்பா கேட்பது நியாயம். கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் பென்னாகரம் பக்கம். சென்னையில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இப்போது தர்மபுரியில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் சித்தி மகளோடு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

இணையதளத்தில் கட்டடத்தின் முகப்பு இருக்கும், பட்டமளிப்பு விழா இருக்கும். பாப்பாவின் இரண்டு வருடம் கழியப்போவது ஒரு துறையின் ஆய்வுக்கூடத்திலும் ஒரு விடுதி அறையிலும். அந்த இரண்டுக்கும் படம் போடமாட்டார்கள். போட்டாலும் திறப்பு விழாவன்று எடுத்ததாக இருக்கும். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் பெட்டியின் மேல்வரிசையைப் பார்த்தா விலை பேசுகிறோம்? அடியில் கையை விட்டுப் பார்த்த பிறகுதானே. அப்படித்தான் இதுவும்.

ரேங்க் பற்றி: மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். 2023 பட்டியலில், கல்லூரிகள் வரிசையில் சென்னை மாநிலக் கல்லூரி (பிரசிடென்சி) நாட்டிலேயே மூன்றாவது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அது மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்துக் கொடுக்கிற எண். வேதியியல் துறையில் எத்தனை ஆசிரியர் இடம் காலி, ஆர்கானிக் எடுப்பவர் யார், நான்காம் செமஸ்டர் ப்ராஜெக்டுக்குப் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறார்கள், இதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது.

பிப்ரவரி 9, காலை

நேற்று எழுதாமல் விட்டது: எப்போது போவது. இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

நம் ஊரில் பரீட்சை முடிந்து, மே மாதம் பிள்ளைகள் சும்மா இருக்கும்போது போகலாம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். மேயில் போனால் பூட்டைத்தான் பார்க்கலாம். வகுப்பு இருக்காது, ஆய்வுக்கூடம் மூடியிருக்கும், விடுதி காலி. அலுவலகத்தில் ஒருவர் இருப்பார், அவர் விண்ணப்பப் படிவத்தைப் பற்றி மட்டும் சொல்வார். மார்ச் முதல் பாதிக்குள் போய்விடுங்கள். அதன் பிறகு செய்முறைத் தேர்வு, மாடல் தேர்வு என்று ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

வேலை நாளாக இருக்கட்டும். திங்கள் வேண்டாம், வெள்ளி வேண்டாம். நடுவில் செவ்வாய், புதன் நல்லது. மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் லேப் நடக்கும் இடங்கள் நிறைய. காலையில் போய்த் துறைத்தலைவரைப் பார்த்துவிட்டு, மதியம் லேப் நடக்கும்போது ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

பிப்ரவரி 9, மதியம்

வழி கேட்டிருந்தீர்கள். அரூருக்கு மொரப்பூர்தான் பக்கம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் சென்ட்ரல். காத்திருப்பு அறையில் பல் துலக்கி, முகம் கழுவி, டிபன் முடித்துவிட்டு நேராகக் கிளம்பிவிடலாம். ரூம் போடுகிற செலவு மிச்சம். இரண்டாம் நாளும் தேவைப்பட்டால் மட்டும் ஓர் இரவு தங்கினால் போதும்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஊருக்குள் ரயிலே இல்லை. அவர்கள் வேலூர் வழி பேருந்தைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஜோலார்பேட்டை போய் ரயில் ஏற வேண்டும்.

சென்ட்ரலில் இறங்கியபின் எதிரே பூங்கா நிலையம். அங்கிருந்து புறநகர் ரயிலில் கிண்டி, தாம்பரம் பக்கம் போகலாம். சேப்பாக்கம் போவதானால் பார்க் டவுனில் பறக்கும் ரயில்.

அடுத்தது, சென்னைப் பல்கலைக்கழகம் என்றதும் எல்லோரும் சேப்பாக்கத்தில் போய் நிற்பார்கள். 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் அதுதான், செனட் ஹவுஸும் அங்கேதான். ஆனால் வேதியியல் துறைகள் இருப்பது கிண்டி வளாகத்தில். கணிதத்துக்கு சேப்பாக்கத்தில் ராமானுஜன் நிறுவனம், தமிழுக்கு மெரினா வளாகம், மருத்துவம் சார்ந்த அடிப்படை அறிவியலுக்குத் தரமணி. ஒரே பெயர், நான்கு இடம். விசாரிக்காமல் போனால் அரை நாள் ஆட்டோவிலேயே போய்விடும்.

கிண்டி வளாகத்தைப் பார்த்த கையோடு சர்தார் படேல் சாலையில் கொஞ்ச தூரம் நடங்கள். அண்ணா பல்கலைக்கழகம், அதன் ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐ.ஐ.டி. எல்லாம் அந்த ஒரே சாலையில் வரும். வேதியியல் பிள்ளைக்கு அந்தச் சாலை பெரிய விஷயம். ப்ராஜெக்டுக்கு நடந்து போகிற தூரத்தில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நம் துறையில் இல்லாத கருவிக்கு ஐ.ஐ.டி.யின் கருவி மையத்தில் கட்டணம் கட்டி மாதிரியைக் கொடுத்து அளந்து வாங்கலாம். நான் முதன்முதலாக அந்த நடைபாதையில் நின்றபோது, சிறு வயதிலிருந்து பாடப்புத்தகத்தில் படித்த பெயர்ப் பலகைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து உடம்பே சிலிர்த்தது. பாப்பாவுக்கும் அது கிடைக்க வேண்டும்.

பிப்ரவரி 10

மேலே ஒரு தம்பி, கேட் எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம் என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை தம்பி. கேட் எம்.டெக்.குக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கும். எம்.எஸ்சி.க்கு ஜாம் என்கிற தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் ஜாம் என்ற பெயரையே கடைசி வருடம் பாதியில்தான் கேள்விப்படுகிறார்கள். இரண்டாம் வருடம் படிக்கிற தம்பி தங்கச்சிகள் இதைப் படித்தால் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 11, இரவு

ஆய்வுக்கூடத்தில் எதைப் பார்ப்பது என்று பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஃபியூம் ஹூட், அதாவது ரசாயனப் புகையை வெளியே இழுக்கிற பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சில இடங்களில் உடைந்த கண்ணாடிச் சாமானும் பழைய ரெக்கார்டு நோட்டும் அடுக்கி வைத்திருப்பார்கள். அப்படியானால் அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்று அர்த்தம். ஓடுகிற ஹூட் என்றால் ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து ஹூட்டின் திறப்பில் பிடித்துப் பாருங்கள், உள்பக்கம் இழுக்க வேண்டும். இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். வேலை தெரிந்த ஆசிரியர், பரவாயில்லையே, இதெல்லாம் தெரிந்து வந்திருக்கிறாளே என்று சந்தோஷப்படுவார்.

அடுத்தது கருவி அறை. கருவி இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் லாக் புக்கைப் பாருங்கள். மாதிரி ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிற யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டரோ ஐ.ஆரோ, எதைப் பயன்படுத்தினாலும் தேதி, பெயர், மாதிரி, நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிப் பக்கத்தில் இந்த வாரத்துத் தேதி இருந்தால் அது உயிரோடு இருக்கும் கருவி. எம்.எஸ்சி. மாணவர்களின் பெயர் அதில் இருக்கிறதா, ஆராய்ச்சி மாணவர்களின் பெயர் மட்டும்தானா என்பதையும் பாருங்கள். கருவியை எம்.எஸ்சி. பிள்ளை தொடவே விடாத துறைகள் உண்டு.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். எடை போடும் தராசுக்கு முன்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்? டிஸ்டில்ட் வாட்டர் யூனிட் ஓடுகிறதா, கேனில் வாங்கி ஊற்றுகிறார்களா? ரசாயனப் புட்டிகளில் லேபிள் படிக்கிற மாதிரி இருக்கிறதா? கண் கழுவும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா?

பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில் எங்களைக் குளிர்சாதன அரங்கில் உட்கார வைத்து, ஜூஸ் கொடுத்து, பெரிய திரையில் படம் காட்டினார்கள். லேப் பார்க்கலாமா என்றேன். சாவி வைத்திருப்பவர் லீவு என்றார்கள். சரி, மதியம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, டீக்கடையில் நின்ற பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தோம். ஸ்பெக்ட்ரோமீட்டர் பழுதாகி ஒரு செமஸ்டர் முழுக்க அளவீடுகளை ஆசிரியரே கரும்பலகையில் எழுதிப் போட்டாராம், பிள்ளைகள் அதைப் பார்த்து வரைபடம் வரைந்தார்களாம். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளும் நம் மாதிரி ஊர்களிலிருந்து வந்தவர்கள். வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய பணம் அது.

இன்னொரு இடத்தில் நேர்மாறு. முன்சொல்லாமல்தான் போனோம். துறைத்தலைவர் அம்மா கையில் சாக்பீஸோடு வெளியே வந்து, வகுப்பு முடிய அரைமணி ஆகும், அதுவரை நீயும் உள்ளே வந்து உட்கார் என்று சித்தி மகளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்று நடந்தது ஸ்பெக்ட்ரோஸ்கோபி. வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 12

சித்தி மகள் இதைப் படித்துவிட்டுப் போன் செய்தாள். நான் சமோசா சாப்பிட்டதை ஏன் எழுதவில்லை என்கிறாள். போன இடத்திலெல்லாம் கேன்டீன் சமோசாவுக்குத் தனியாக மதிப்பெண் போட்டு வந்தவள். அவள் முதலிடம் கொடுத்த கேன்டீனும் கடைசியில் சேர்ந்த துறையும் வேறு வேறு ஊர் ஓரத்தில் இருக்கின்றன, அதுதான் அவளுக்கு இன்னும் வருத்தம்.

உள்ளே விடுவார்களா என்று கேட்டவருக்கு: துறைத்தலைவருக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். எந்தக் கல்லூரி, எந்த வருடம், எந்த நாள் வர நினைக்கிறேன் என்று மட்டும் போதும். பதில் வந்தால் அதைப் போனில் வாசலில் காட்டலாம். வராவிட்டாலும் போங்கள். கல்லூரி அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்கட்டும். பெண்கள் கல்லூரிகளில் அப்பாக்களை வாசல் அறையிலேயே உட்கார வைத்துவிடுவது உண்டு, அதனால் முடிந்தால் அம்மாவோ அத்தையோ கூட வருவது நல்லது.

பிப்ரவரி 15

டீக்கடை என்று எழுதியதைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மாணவர்களிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

இரண்டாம் வருடப் பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும். முதல் வருடத்தாருக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள், அவர்களுக்கும் சங்கடம். லேப் முடிந்து வெளியே வரும்போது, "நாங்க தர்மபுரிங்க, பாப்பாவைச் சேர்க்கலாமான்னு பாக்க வந்தோம்" என்று சொல்லிப் பாருங்கள். நம் பக்கத்துப் பிள்ளை யாராவது ஒருத்தர் இருந்தே தீரும், தேடிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். போன வாரம் எத்தனை வகுப்பு நடக்கவில்லை என்று கேளுங்கள். ப்ராஜெக்ட் தலைப்பு யார் முடிவு செய்தது, நீங்களா அவர்களா? உங்களுக்கு முந்தைய வருடத்தில் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட், செட் தேறியவர்கள் யாராவது உண்டா, இப்போது எங்கே இருக்கிறார்கள்? தமிழில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்வார்களா?

இந்தக் கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர்தான் மலை. எனக்கு ஒரு பேராசிரியர் இருந்தார், குவாண்டம் வேதியியல். ஆங்கிலத்தில் நடத்திவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் தமிழில் முழுசாகத் திரும்பச் சொல்வார். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை அவர் தமிழில் சொல்லிக் கேட்ட அன்றுதான் இந்தப் படிப்பு எனக்கும் வரும் என்று நம்பினேன்.

பிப்ரவரி 16, இரவு

விடுதி. முதல் குறிப்பில் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் விடுதியை வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் நம் மாவட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கு விடுதிதான் முதலில். என்னோடு சேர்ந்த கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. கல்லூரி விடுதியில் இடம் இல்லை என்று தனியார் விடுதியில் சேர்ந்தாள். ஓர் அறையில் ஆறு பேர், இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பு, தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை. முதல் செமஸ்டர் பரீட்சைக்கு முன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். படிப்பு வராமல் இல்லை. படிக்க இடம் இல்லை.

அதனால் விடுதியைச் சாயங்காலம் பாருங்கள், ராத்திரிச் சாப்பாட்டு நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. வார்டனைக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: முதுகலைக்கு என்று தனியாக எத்தனை இடம் ஒதுக்குகிறீர்கள்? பல இடங்களில் இளங்கலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து மிச்சம் இருந்தால்தான் முதுகலைக்கு. "பாக்கலாம்" என்று சொன்னால் இடம் இல்லை என்றே எடுத்துக்கொண்டு அடுத்த வழியைப் பாருங்கள்.

அரசு விடுதிகளையும் விசாரியுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் சென்னையில் கல்லூரி மாணவர், மாணவியர் விடுதிகள் தனித்தனியாக இருக்கின்றன. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி பல தலைமுறைப் பையன்களைப் படிக்க வைத்த இடம். வருமான வரம்பு உண்டு, எனவே வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இப்போதே இ-சேவையில் எடுத்து வைத்துவிடுங்கள். ஜூனில் எடுக்கப் போனால் வரிசையில் நிற்க வேண்டிவரும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அது இளங்கலையோடு நின்றுவிடும். முதுகலைச் செலவுக்கு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிப்ரவரி 20

ஓசூர்க்காரர் ஒருவர், "பெங்களூரு நாற்பது கிலோமீட்டர், எதுக்குச் சென்னை?" என்கிறார். ஓசூருக்கு அது சரியான கேள்விதான். வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் விடுதிச் செலவு முழுக்க மிச்சம். 1909-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் அங்கேதான் இருக்கிறது. ஜாம் மதிப்பெண்ணை வைத்து ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு அங்கே போகலாம், கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மற்ற கல்லூரிகள் என்று வரும்போது கட்டணத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள். வெளிமாநில மாணவருக்கு வேறு கட்டணம் இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள். நான் மேலே சொன்ன அரசு விடுதிகள் அங்கே கிடையாது.

ஆனால் பார்க்கும் முறையில் எந்த வித்தியாசமும் இல்லை. லாக் புக் பெங்களூரிலும் லாக் புக்தான்.

மார்ச் 2

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆசிரியர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்பதை முன்னாடியே பார்க்கச் சொல்லி மறந்துவிட்டேனே என்று இன்று வேலையில் இருக்கும்போது நினைத்தேன். பென்னாகரம், பாப்பாரப்பட்டிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் சிரித்தால் பழுப்புக் கோடு தெரியாத பல் குறைவு. பெரியவர்களுக்கு மூட்டு மடக்க முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே இதற்காகத்தான்.

நான் எம்.எஸ்சி. சேரும் முன் பார்த்த துறைகளில் ஒன்றில், அறைக்கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் ஓர் ஆசிரியர் பெயருக்கு எதிரே நீர் வேதியியல் என்று இருந்தது. கதவைத் தட்டி, நான் பென்னாகரம் மேடம் என்றேன். எழுந்து நாற்காலி போட்டு உட்கார வைத்து, உங்க ஊர்த் தண்ணீரை எனக்குக் கொண்டுவந்து தருவாயா என்று கேட்டார்கள். அந்த நிமிடம் முடிவு செய்தேன், இங்கேதான் என்று.

நான்காம் செமஸ்டரில் எங்கள் ஊரிலிருந்து பாலித்தீன் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். கண்ணாடியில் பிடிக்கக் கூடாது, ஃப்ளூரைடு கண்ணாடியோடு ஒட்டும். ஃப்ளூரைடை அளக்கிற ஸ்பாட்ன்ஸ் என்ற சாயக் கரைசலை ஊற்றினால் சிவப்பாக இருக்கும். தண்ணீரில் ஃப்ளூரைடு கூடக் கூட அந்தச் சிவப்பு வெளுக்கும், எவ்வளவு வெளுக்கிறது என்பதைக் கருவியில் அளக்க வேண்டும். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. எங்கள் பள்ளிக்கூடத்துக் கைப்பம்புத் தண்ணீரை ஊற்றியபோது சிவப்பு கண் முன்னாலேயே வெளுத்தது. அந்தத் தண்ணீரை நான் பத்து வருடம் குடித்திருக்கிறேன்.

இன்று நான் செய்கிற வேலையும் அதே அளவீடுதான். கல்லூரியின் பெயரை வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தக் கதவை நான் தட்டியிருக்கவே மாட்டேன். எனவே பாப்பாவிடம் சொல்லுங்கள், போவதற்கு முன் ஒவ்வொரு துறையிலும் ஆசிரியர்களின் ஆராய்ச்சித் தலைப்பைப் படித்து, மனசுக்குப் பிடித்த ஒருவரையாவது குறித்துக்கொண்டு போகட்டும்.

மார்ச் 12

அண்ணா போய்வந்துவிட்டு எழுதியதைப் படித்தேன். அவ்வளவு சந்தோஷம். குறிப்பாக, பாப்பா லாக் புக்கைத் திறந்து பார்த்ததும் உதவியாளர் சிரித்துக்கொண்டே, நீ சேருவே என்று சொன்னாராமே!

தாம்பரம் கிறித்துவக் கல்லூரியைப் பார்த்து அசந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் அசந்துதான் போவார்கள். 1837-இல் தொடங்கிய கல்லூரி, நகரத்துக்குள்ளிருந்து தாம்பரத்துக்கு மாறியது 1937-இல். அந்தப் பொட்டல் காட்டில் மரம் வளர்த்துச் சோலையாக்கியவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பார்ன்ஸ், அங்கே வேதியியல் பேராசிரியர். செடிகொடியில் பெரிய ஆர்வலர். வேதியியல் படிக்கிற பிள்ளைக்குச் சொல்ல நல்ல கதை. மான் பார்த்தீர்களா?

ஆனாலும் மரத்தைப் பார்த்து மட்டும் முடிவு எடுக்க வேண்டாம். அங்கே கேட்க வேண்டியது, பாப்பா விண்ணப்பிக்கும் பிரிவு அரசு உதவி பெறுவதா, சுயநிதியா என்பது. பழைய உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் ஒரே பாடம் இரண்டு பிரிவாக நடக்கும், கட்டணம் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறீர்கள் என்பதைப் பார்த்து அடியுங்கள்.

ஏப்ரல் 6

சேலம் போதாதா என்று கிருஷ்ணகிரி அக்கா கேட்டதற்குப் பதில் எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காரணம், எனக்கே இதில் மனசு இரண்டு பக்கமும் போகிறது.

சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் வந்தது நம் மாதிரி மாவட்டங்களுக்காகத்தான். தர்மபுரி பக்கத்துப் பைசுஅள்ளியில் அதன் முதுகலை மையமே இருக்கிறது. தர்மபுரியிலிருந்து சேலத்துக்குத் தினமும் போய்வரலாம். வீட்டுச் சாப்பாடு, அம்மா பக்கத்தில். நன்றாகப் படித்து வெளிநாடு வரை போனவர்களும் அங்கிருந்து உண்டு. சென்னை என்பதற்காகச் சென்னை போகக் கூடாது. சென்னையில் ஒரு சுமாரான துறையைவிடச் சேலத்தில் ஒரு நல்ல ஆசிரியர் மேல்.

ஆனால் தினம் போய்வருவது என்றால் பேருந்திலேயே நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் போகும். லேப் ஆறு மணி வரை நீண்டால் பெண் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு வருவாள்? கடைசிப் பேருந்தைப் பிடிக்க சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே சேலம் என்றாலும் விடுதியோடு சேலம் என்று யோசியுங்கள் அக்கா. சேலத்தையும் சென்னையைப் பார்க்கிற மாதிரியே ஒரு புதன்கிழமை போய்ப் பாருங்கள். பக்கத்து ஊர்தானே, தெரிந்ததுதானே என்று பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

ஜூன் 14

மாங்காய் சீசன் என்பதால் இரண்டு வாரம் இந்தப் பக்கமே வர முடியவில்லை, மாமா தோப்பில் காய் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் இத்தனை கேள்வி.

அண்ணாவின் நிலைமை: பாப்பாவுக்கு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, மூன்று நாளுக்குள் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். அவள் மனசில் இருக்கும் இன்னோர் இடத்தின் பட்டியல் இன்னும் வரவில்லை. கட்டுவதா, காத்திருப்பதா?

கட்டிவிடுங்கள். கையில் இருப்பதை விட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் இதற்கென்றே ஓர் அறிவிக்கை போட்டிருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதி என்று கல்லூரி அறிவித்த நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால், சிறு செயலாக்கக் கட்டணம் மட்டும் பிடித்துக்கொண்டு, மீதிக் கட்டணம் முழுக்கத் திரும்ப வர வேண்டும். அந்தப் பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, அதற்கப்புறம் 30 நாள் வரை 50. அதற்கும் மேல் ஒன்றும் வராது. கல்லூரி மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல் போன்ற அசல்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்த வருடத்துக்கு ஏதாவது புதிய சுற்றறிக்கை வந்திருக்கிறதா என்பதையும் குழுவின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

அசலைக் கேட்டால் மரியாதையாக அந்த அறிவிக்கையின் நகலை நீட்டுங்கள். அதோடு, சேர்க்கையின் கடைசித் தேதி எது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் பின்னால் நிற்காது.

ஜூன் 14, இரவு

ஆமாம் அண்ணா, விடுதிக் கட்டணத்துக்குத் தனி ரசீது. கல்விக் கட்டணத்தோடு சேர்த்து ஒரே ரசீதாகப் போடச் சம்மதிக்காதீர்கள், திரும்ப வாங்கும்போது எது எதற்கு என்று பிரிக்க முடியாமல் இழுத்தடிப்பார்கள். திங்கள் காலை கூட்டம் இருக்கும், பத்து மணிக்கு முன்னால் அலுவலகத்தில் நில்லுங்கள். வேறு ஏதாவது சிக்கல் என்றால் அங்கிருந்தே எனக்குச் செய்தி போடுங்கள், மதியம் வரை போன் கையில்தான் இருக்கும்.